ஒன்பது புள்ளி மூன்று

ஜூன் 2, திங்கள்

பாப்பாவுக்கு,

நாற்பது வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடாதே என்று நீ சொல்லி எத்தனையோ வருடம் ஆகிறது. எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை, பொறுத்துக்கொள். என் குரலையே இனிக் கேட்கப் பிடிக்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்தாய். காகிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். இரண்டு நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. டீ போடுகிறேன், ஆறிப்போகிறது, சூடு பண்ணுகிறேன், மறுபடி ஆறிப்போகிறது. இந்தக் கடிதத்துக்கே இது மூன்றாவது காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் பத்தாம் வகுப்புக்கு நடந்த கரைதிறன் செய்முறை அன்று உன் பெண் சுண்டு எந்த மேசையில் நின்றாள்? ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா? அவளுடைய ரெக்கார்டு நோட்டு உன்னிடம் இருக்கிறதா, இல்லை வீடு மாற்றும்போது பழைய பேப்பரோடு போட்டுவிட்டாயா? இருந்தால், அந்தப் பக்கத்தில் அவள் எழுதிய நான்கு எண்களை மட்டும் எனக்கு எழுதி அனுப்பு. என் ஞாபகம் சரிதானா என்று பார்க்க வேண்டும்.

ஏன் என்று இப்போது கேட்காதே. நிச்சயமாகத் தெரியாமல் வாயை விட்டு ஒரு தடவை பட்டது போதும்.

அக்கா

&nbsp;

ஜூன் 5, வியாழன்

மதிப்பிற்குரிய வேதியியல் ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். நடுநடுவே கையெழுத்து மாறினால் பொறுத்தருளவும்.

தங்களுக்கு ஞாபகம் சரியில்லை போலிருக்கிறது. எனக்கு நன்றாகவே இருக்கிறது. அன்று சுண்டுவோடு சேர்ந்து செய்ய வேண்டிய பெண் காய்ச்சலென்று வரவில்லை. இவள் ஜன்னல் பக்கம், கடைசி மேசையில், தனியாக நின்றாள். "கரையவே மாட்டேங்குது மிஸ்" என்று தங்களிடம் இரண்டு தடவை வந்து சொன்னாள். "நல்லாக் கலக்கு, கையில பலமில்லையா?" என்று தாங்கள் இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினீர்கள். பிறகு நோட்டை வாங்கிப் பார்த்து, முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் உயர்த்திக் காட்டினீர்கள். "எல்லாருக்கும் சூடு ஏற ஏற ரெண்டு மடங்கு, மூணு மடங்கு கரையுது. இவளுக்கு மட்டும் படுத்துத் தூங்குது. என் தங்கச்சி பொண்ணுன்னா அளக்காமலே எழுதலாம்னு நினைச்சுட்டா" என்றீர்கள். பள்ளியில் யாரும் தங்களைச் சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறவர் என்று சொல்லிவிடக் கூடாது. அதற்குத்தானே இவ்வளவும்?

கேட்ட எண்கள்: 9.0, 9.1, 9.2, 9.3. அதற்குக் கீழே தங்கள் சிவப்பு மையில்: "இது அளந்ததல்ல, எண்ணியது. பூஜ்யம்."

நான் என்ன செய்தேன் என்பதும் தங்களுக்குத் தெரியும். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் பூஜ்யத்தை எடுத்துவிடுகிறேன் என்றாய். அவளை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். மாட்டேன் என்று அழுதாள், விடவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் நீட்டினாள். வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டாய். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

பார், 'தங்கள்' எங்கேயோ நழுவிவிட்டது. எனக்கே வாயில் ஒட்டவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்ததும் நல்லதாகப் போயிற்று என்று இந்த ஊருக்கு வந்தோம். இங்கே சுண்டு வணிகவியல் எடுத்திருக்கிறாள். ஐந்து வயதில் சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணி, எந்த டம்ளரில் எவ்வளவு கரையும் என்று வரிசையாக வைத்தவள் அவள். இப்போது ரசாயனம் என்று யாராவது சொன்னால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். இதற்குமேல் எதைக் கிண்டப் போகிறாய்?

தங்கை

&nbsp;

ஜூன் 9, திங்கள்

பாப்பா,

உட்கார்ந்து படி.

போன மாதக் கடைசியில் ஆய்வகத்துக் கண்ணாடி அலமாரியைத் துடைத்தேன். அதில் ஜனவரியிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டு இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு உப்பைத் தண்ணீரில் கரைத்து ஆவியாகவிட்டு, படிகம் எடுக்கும் பாடம் வைத்தேன். பள்ளிக் கண்காட்சியில் ஓர் இரட்டைச் சடைக்காரியின் தட்டுக்கு முதல் பரிசு. கொடுத்தது நான்தான். விரல் நீளத்துக்குப் பளபளவென்று ஊசி ஊசியாகப் படிகங்கள், பக்கத்தில் 'சமையல் உப்பு' என்று லேபிள். வந்தவர்களெல்லாம் "அட, உப்பா இது!" என்றார்கள். நான் பூரித்துப் போனேன்.

உப்பு ஊசியாக வராது, பாப்பா. உப்பு கட்டம் கட்டமாகத்தான் வரும், தாயக்கட்டை மாதிரி. ஊசியாக வருவது பொட்டாசியம் நைட்ரேட். அதாவது அதே வாரம் நான் பத்தாம் வகுப்புக்குக் கொடுத்த பொருள். இது எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அழகாக இருந்தது, நன்றாகப் பார்க்கத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளைகள் கையில் தராசைக் கொடுத்தால் சிந்திவிடுவார்கள் என்று நானே வீட்டில் நிறுத்து, பழைய கேள்வித்தாளில் பொட்டலம் மடித்துக்கொண்டு போவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இரண்டு வகுப்புக்கும் சேர்த்து மடித்தேன். எல்லாம் முப்பது முப்பது கிராம், எல்லாம் வெள்ளை, இரண்டு பிஸ்கட் டின். யாரோ காலிங் பெல் அடித்தார்கள். எழுந்த வேகத்தில் முழங்கை பட்டு இரண்டு பொட்டலம் கீழே விழுந்தது. பொறுக்கி, டின்னுக்கு ஒன்றாகப் போட்டேன். எது எதில் என்று பார்க்கவில்லை.

நைட்ரேட் சூட்டைக் கண்டால் கரைந்துகொண்டே போகும். உப்பு அப்படி இல்லை. சூடு பண்ணினாலும் ஏதோ பேருக்குக் கொஞ்சம் கூடும். சனிக்கிழமை ஆய்வகத்தில் நான் தனியாக நின்று, சுண்டுவுக்குச் சொன்ன மாதிரியே இருபத்தைந்து மில்லி தண்ணீரில் கடையில் வாங்கின உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன். முப்பது டிகிரியில் 9.0. நாற்பதில் 9.1. ஐம்பதில் 9.2. அறுபதில் என்ன வந்தது என்று உனக்கே தெரியும்.

அவள் எண்ணவில்லை. அளந்திருக்கிறாள். அந்தக் கடைசிச் சிட்டிகைவரை, தனியாக நின்று, இரண்டு தடவை விரட்டப்பட்ட பிறகும் அளந்திருக்கிறாள். வகுப்பிலேயே அன்று சரியாகச் செய்தவள் அவள்தான் போலிருக்கிறது.

அந்த இரட்டைச் சடைக்காரிகூட "மிஸ், உப்புப் போட்டதும் டம்ளர் ஜில்லுன்னு ஆயிடுச்சு" என்று ஓடி வந்தாள். நைட்ரேட் கரைந்தால்தான் அப்படிக் குளிரும். "பேசாம வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

மதிப்பெண்ணைத் திருத்திவிடுகிறேன். 'மறுமதிப்பீடு' என்று ஒரு வரி போட்டால் போதும், காரணம் யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த மாதம் துறைத் தலைவர் பொறுப்புக்கு என் பெயர் போகிறது. இந்த நேரத்தில் இதைப் பெரிதாக்காமல் முடித்துவிடலாம். சுண்டுவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அக்கா

&nbsp;

ஜூன் 12, வியாழன்

அக்கா,

பக்குவமாகவா? நீ நோட்டைத் தூக்கிக் காட்டியபோது பக்குவம் எங்கே போயிருந்தது?

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். ஒரு அம்மா குழந்தைக்கு மருந்து வாங்க நின்றுகொண்டிருந்தார். நான் புட்டியில் தண்ணீர் ஊற்றித் தூளைக் கலக்கிக் கலக்கி, "போதும்மா, நுரையா வருது" என்று அவரே சொல்லும்வரை கலக்கியிருக்கிறேன். எங்கள் கடையில் ஒரு மருந்தை எடுக்கும்போது லேபிளைப் படிப்போம், ஊற்றும்போது படிப்போம், திரும்ப வைக்கும்போது படிப்போம். பத்தாவதோடு நிறுத்தின நான் இதைச் செய்கிறேன். படித்துப் படித்துப் பட்டம் வாங்கின நீ டின்னுக்கு ஒன்றாகப் போட்டாயா?

மறுமதிப்பீடாம், காரணம் யாரும் கேட்க மாட்டார்களாம். என் பெண் கேட்பாளே! பூஜ்யம் ஊருக்கே தெரியும்படி விழுந்தது. அதை எடுப்பது மட்டும் திருட்டுத்தனமாகவா?

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் உன்னை மட்டும் திட்டினால் எனக்கு ஆகாது. நீ அந்த ஜில்லென்ற டம்ளரைப் பற்றி எழுதினாய் இல்லையா, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும் சுண்டு சொன்னாள்: "அம்மா, மத்தவங்க டம்ளர் எல்லாம் ஜில்லுன்னு இருந்துச்சு. நான் தொட்டுப் பார்த்தேன். என்னோடது மட்டும் சும்மா இருந்துச்சு. ஏதோ தப்பா இருக்குமா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கதை கட்டாதே. பெரியம்மாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?" கையை ஓங்கினேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதத்தை எழுதவைத்தேன். 'நான் அளக்காமல் எழுதினேன்' என்று. அளந்த பிள்ளையை.

ஆறு மாதமாக உன்மேல் மட்டும் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் கேட்டுக்கொள். ஒன்று, அந்த மன்னிப்புக் கடிதம் உன் டிராயரில் இருக்கக் கூடாது, எனக்கு அனுப்பு. இன்னொன்று, எந்தப் பிள்ளைகள் முன்னால் சொன்னாயோ அதே பிள்ளைகள் முன்னால் சொல். உன் பதவி போனால் போகட்டும். இங்கே அறிவியல் பிரிவுக்கு மாற ஜூன் 30 கடைசி. அதற்குப் பழைய பள்ளியிலிருந்து காரணத்தோடு திருத்தின செய்முறை மதிப்பெண் வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஆனால் நீ வகுப்பில் சொல்லும்வரை சுண்டுவிடம் நான் மூச்சு விடமாட்டேன். ஒரு பொய்யான ஆசையையும் கொடுத்து அவளை இன்னொரு தடவை நோகடிக்க எனக்குத் தெம்பில்லை.

தங்கை

&nbsp;

ஜூன் 18, புதன்

பாப்பா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்து மூன்று நாள் நான் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். வகுப்புக்குப் போவேன், சாக்பீஸை எடுப்பேன், பாடத்தை நடத்திவிட்டு வந்துவிடுவேன். படிக்கட்டில் இறங்கும்போது என்னை நானே திட்டிக்கொள்வேன். ஆய்வக உதவியாளர் அண்ணன்கூட "என்ன டீச்சர், தனியாப் பேசிக்கிறீங்க?" என்று கேட்டார்.

நேற்றுதான் முதலில் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் உன் அக்கா மாதிரியே பேசினார். "இதை எழுத்துல குடுக்கணுமா டீச்சர்? சத்தமில்லாம மார்க்கைத் திருத்திடலாமே?" நான் எழுதித் தந்தேன். சாயங்காலமே விளக்கம் கேட்டு மெமோ வந்தது. துறைத் தலைவர் பட்டியலில் இனி என் பெயர் இருக்காது. வலிக்கவில்லை என்றால் நம்பாதே, வலிக்கிறது.

இன்று காலை பதினொன்றாம் வகுப்பு. அதே பிள்ளைகள், நாலைந்து பேர்தான் குறைவு. அலமாரியிலிருந்து அந்தத் தட்டை எடுத்துப் போய் மேசைமேல் வைத்தேன். பொட்டலம், டின், முழங்கை, எல்லாம் சொன்னேன். "அளக்கலைன்னு நான் சொன்ன பொண்ணு அளந்திருக்கா. நான்தான் பார்க்கலை. அவளை உங்க முன்னாடி பொய் சொன்னவளா நிறுத்தினேன். அது என் தப்பு" என்றேன்.  கரும்பலகையைத் துடைக்கிற மாதிரித் திரும்பி நின்றேன், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்போ எங்க மார்க்கும் தப்பா மிஸ்?" என்றாள். வகுப்பே சிரித்தது. "உங்க எல்லாரோட நம்பரும் புத்தகத்துல இருந்தது அப்படியே இருந்துச்சே, அதைத்தான் நான் முதல்ல சந்தேகப்பட்டிருக்கணும்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று சுண்டுவோடு சேர வேண்டிய பெண், காய்ச்சலில் வராதவள், வெளியே வந்து என்னிடம் கேட்டாள்: "இதை அவகிட்ட சொல்லிட்டீங்களா மிஸ்?" நேராக வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மன்னிப்புக் கடிதம் இதோடு இருக்கிறது. ஆறு மாதமாக என் டிராயரில் ஸ்டேப்ளருக்குக் கீழே கிடந்தது. இன்றுதான் முழுதாகப் படித்தேன். அன்று வாங்கும்போது படிக்கக்கூட இல்லை.

ஒன்று மட்டும் தெரியவில்லை. இரட்டைச் சடைக்காரியின் பரிசை என்ன செய்வது? அவள் செய்தது உப்புப் படிகம் இல்லையே. திருப்பி வாங்குவதா? சுண்டுவிடம் சொல்லிவிட்டு எனக்குப் பதில் எழுது. சீக்கிரம் எழுது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

அக்கா

&nbsp;

ஜூன் 22, ஞாயிறு

அக்கா,

நேற்று மாலை சுண்டுவிடம் கொடுத்தேன். உன்னுடைய மூன்று கடிதங்களையும், அவளுடைய ஒன்றையும். பக்குவம் எதுவும் பண்ணவில்லை.

நின்றுகொண்டே படித்தாள். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், ஒரே சட்டையை நாலு தடவை. படித்து முடித்துவிட்டு என்ன சொல்வாள் என்று பார்த்தால், "அறுபது டிகிரிலதான் ரொம்ப நேரம் ஆச்சு. 9.3 வரவே இல்ல. மணி அடிச்சும் நான் நின்னு பார்த்தேன்" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நான்தான் அழுதேன். என்னை மன்னிச்சிடு என்றேன். "நீயும்தானே நம்பலை" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று காலை அவளே வந்து உட்கார்ந்தாள். உனக்கு எழுதச் சொல்லி வரிசையாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அந்தக் குட்டிப் பொண்ணோட பரிசை வாங்க வேண்டாம்னு சொல்லு. அவ குடுத்ததைத்தானே செஞ்சா? நல்லாத்தான் செஞ்சிருக்கா. லேபிளை மட்டும் மாத்தச் சொல்லு. அப்புறம், ஜில்லுன்னு ஆச்சுன்னு சொன்னதுக்குத் திட்டினாங்களே, அதுக்கு அவகிட்ட சாரி சொல்லணும்."

"எனக்குச் சும்மா மார்க் போட்டுத் தர வேண்டாம். பழைய நோட்டைப் பார்த்துப் போட்டா பாவம் பார்த்துப் போட்டதா இருக்கும். நான் அங்க வந்து திரும்பச் செய்வேன். செஞ்சதுக்கு மார்க் போடட்டும்."

"ஆனா பொட்டலம் நான்தான் மடிப்பேன்."

வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறாள். எனக்குக் கடையில் லீவு இல்லை. இருந்தாலும் அவள் என்னைக் கூட வரவிடவில்லை. திங்கட்கிழமை 30. கையெழுத்துப் போட்ட தாளோடு அவளைச் சனிக்கிழமையே திருப்பி அனுப்பு. அறிவியலுக்கு மாறுவேன் என்று அவள் இன்னும் வாய்திறந்து சொல்லவில்லை. கேட்டுவிடாதே. உன் வாயைக் கொஞ்சம் கட்டி வை.

மன்னிப்புக் கடிதத்தை நான் அடுப்பில் போடப் போனேன். பிடுங்கி வைத்துக்கொண்டாள். எதற்கென்று தெரியவில்லை.

தங்கை

&nbsp;

ஜூன் 28, சனி

பாப்பா,

பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் கிளம்ப இருபது நிமிடம் இருக்கிறது. சுண்டு பக்கத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறாள். இதை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிப்பாள், படிக்கட்டும்.

காலையில் அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஆய்வகத்தைத் திறந்து வைத்திருந்தேன். தராசைத் துடைத்தேன், அடுத்து பீக்கரைத் துடைத்தேன், மறுபடியும் தராசைத் துடைத்தேன். வந்தவள், "குட் மார்னிங் மிஸ்" என்றாள். பெரியம்மா இல்லை. நாள் முழுக்க மிஸ்தான். எனக்கு அது வேண்டியதுதான்.

இரண்டு ஜாடியின் லேபிளையும் வாய்விட்டுப் படித்தாள். என்னையும் படிக்கச் சொன்னாள். "நீங்க கொஞ்ச நேரம் வெளியில நில்லுங்க மிஸ்" என்றாள். என் ஆய்வகத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில், தேர்வுக்கு வந்த பிள்ளை மாதிரி நின்றேன். கூப்பிட்டபோது மேசையில் இரண்டு பொட்டலம் இருந்தது. ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்னொன்றை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களும் செய்யணும். என்னன்னு நான் சொல்லமாட்டேன்."

பிரித்தேன். உள்ளே முப்பது கிராம் வெள்ளைத் தூள். அதற்கு அடியில் நீல மையில் அவள் கையெழுத்து: 'நான் அளக்காமல் எழுதினேன். என்னை மன்னிக்கவும்.' மீதியையும் படிக்கக் காகிதத்தைச் சாய்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்தாள். "கொட்டிடாதீங்க மிஸ். சரியா நிறுத்திருக்கு."

இருவரும் செய்தோம்.  அவளுடைய டம்ளரை ஒரு தடவை என் பக்கம் நீட்டினாள், தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. என்னுடையது சும்மா இருந்தது. கரையவே மாட்டேன் என்றது. கையை வலிக்க வலிக்கக் கலக்கினேன். அவளுடைய கோடு புத்தகத்தில் இருக்கிற மாதிரியே மேலே ஏறியது, ஆனால் எந்த எண்ணும் புத்தகத்து எண் இல்லை. எல்லாம் அவளுடையது. நூற்றுக்கு நூறு போட்டுக் காரணமும் எழுதி, தலைமையாசிரியை கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அவள் பையில் பத்திரமாக இருக்கிறது.

என் தாளில் நான் எழுதியது 9.0, 9.1, 9.2, 9.2. "சமையல் உப்பு" என்று கீழே எழுதி நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தாள். "பொருள் சரி. கடைசி நம்பர் தப்பு" என்றாள். "தெர்மாமீட்டர் ஐம்பத்தஞ்சுல இருக்கும்போதே எடுத்துட்டீங்க. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். உங்களுக்குப் பொறுமையே இல்லை மிஸ். திரும்பச் செய்யுங்க."

திரும்பச் செய்தேன். ஸ்பிரிட் விளக்கைத் திரும்பப் பற்றவைத்து, அறுபது வரும்வரை அசையாமல் நின்று, சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன். பிள்ளைகளைப் பதினெட்டு வருடமாக இப்படி நிற்கவைத்திருக்கிறேன், நான் நின்றதில்லை. 9.3 வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். பகல் பஸ்ஸை விட்டுவிட்டாள்.

பிறகு என் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். நான்கு எண்களுக்குக் கீழே ஒரே ஒரு சொல் எழுதினாள்: 'அளந்தது.' மார்க் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

நடத்துனர் விசில் ஊதுகிறார். பேனாவைத் திருப்பித் தந்துவிட்டாள் என்று நினைத்தேன், இல்லை, அவள் பையில் இருக்கிறது. "பிராக்டிகல் இருக்கற பிரிவுக்கு சிவப்புப் பேனா வேணுமா மிஸ்?" என்று இப்போதுதான் கேட்டாள். வேண்டாம், அது டீச்சருக்குத்தான் என்றேன்.

"அப்ப நானே வச்சுக்கறேன்" என்றாள்.

அக்கா